கிள்ளான் மஞ்சள் சோப்பு

பிரிக்பீல்ட்ஸ்,
14 பிப்ரவரி 1943

அன்புத் தங்கை தனலெட்சுமிக்கு,

அண்ணன் தம்புசாமி எழுதுவது. பத்துமலை முருகன் காப்பாற்றுகிறான். நானும் உன் அண்ணி தங்கமணியும் வீரம்மா அக்காவும் சுகம். கிள்ளானில் நீங்கள் இருவரும் சுகந்தானா?

பொங்கலுக்கு வந்திருந்தபோது மாப்பிள்ளை நாகையா என்னை ஒரு கேள்வி கேட்டார், நினைவிருக்கிறதா? "ஏன் மச்சான், அத்தனை வருசம் கரும்பலகை முன்னால நின்ன ஆளு நீங்க. ஒருத்தன் முன்னால போயி, இதை வாங்கிக்கப்பான்னு கையை நீட்டுவீங்களா?" எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்து மழுப்பிவிட்டேன்.

நேற்று நீட்டினேன் என்று அவரிடம் சொல். காப்பிக் கடைக்காரர் முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆனால் நீட்டினேன்.

நான் செய்வது சோப்பு. ஊரில் சோப்பு என்பதே இல்லை. ஜப்பான்காரர் வந்து ஆட்சி மாறியதும் என் பென்சன் நின்றுபோனது உனக்குத் தெரியும். இது நிலைத்தால்தான் இந்த வீட்டில் அடுப்பு எரியும். முதல் கொதி பொங்கி வழிந்து உன் அண்ணியின் பாயசப் பானையைத் தின்றுவிட்டது. இரண்டாவது கெட்டியாகவே இல்லை. தங்கமணி எட்டிப் பார்த்து, "இதைத் துணியில போடுறதா, தட்டுல போடுறதா?" என்றாள்.

மாப்பிள்ளை கொப்பரைக் கொட்டகையில் வேலை செய்கிறவர். வாரம் இரண்டு டின் தேங்காயெண்ணெய் அவரால் அனுப்ப முடியுமா? நான் சோப்பாகவும் மரவள்ளி மாவாகவும் திருப்பித் தருகிறேன். ரயில்வேயில் வேலை பார்க்கும் நம் பக்கத்து வீட்டு ஜெயராஜ் டின்னைக் கொண்டு வருவார். கடிதம் கொண்டுவர மாட்டாராம். "டின்னு தூக்குறேன் வாத்தியாரே, காகிதம் மட்டும் வேணாம். சோதனையில மாட்டுனா என் தோலை உரிச்சிருவான்" என்கிறார். ஆகையால் தபாலில் எழுதுகிறேன். உன் போன கடிதத்தின் உறை இரண்டு முறை ஒட்டியதுபோல் இருந்தது. பார்த்து எழுது.

உன் அண்ணன்,
தம்புசாமி


கிள்ளான்,
2 மார்ச் 1943

அன்புள்ள அண்ணன் அவர்களுக்குத் தனலெட்சுமி வணக்கம்.

உங்கள் ஆசியில் இருவரும் நலம். அண்ணியின் இருமல் விட்டதா? வீரம்மா அக்கா சாப்பிடுகிறாளா?

எண்ணெய் இரண்டு டின் ஜெயராஜ் அண்ணனிடம் கொடுத்திருக்கிறது. இவருக்குக் கூலியில் ஒரு பங்கு எண்ணெயாகத்தான் தருகிறார்கள். வாரா வாரம் வரும். பேனாவைப் பிடித்தால் இவருக்குக் கை வியர்க்கும் என்பதால் வழக்கம்போல் இருவருக்கும் நானே எழுதுகிறேன். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்லச் சொல்ல எழுதச் சொல்கிறார்: "மச்சானை முதல்ல என்கிட்ட நீட்டச் சொல்லு. நான் வாங்கிக்கிறேன். குளிக்க இல்ல, லோரிச் சக்கரத்துக்குப் பூச." எழுதிவிட்டாயா என்று எட்டிப் பார்க்கிறார். படிக்கத் தெரியாதவருக்கு எதற்கு இந்த எட்டிப் பார்த்தல்?

ஆனால் எண்ணெய் டின்னின் மூடிக்கு மெழுகு வைத்தவரும் அவர்தான். வழியில் யாரும் ஊற்றிக் குறைத்துவிடக் கூடாதாம்.

தங்கை,
தனலெட்சுமி


பிரிக்பீல்ட்ஸ்,
9 மே 1943

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது. எல்லோரும் சுகம். உன் கையால் இரண்டு வரி வந்தால் இன்னும் சுகம்.

சோப்பு கெட்டியாகிவிட்டது! எப்படி என்று மாப்பிள்ளைக்குச் சொல், கேட்டுச் சிரிக்கட்டும். பள்ளியில் கணக்குத் தப்பாகப் போட்ட பையன் எல்லா வரியையும் அழித்துவிட்டு முதலிலிருந்து போடுவான். மறுபடி அதே இடத்தில் தப்புவான். ஒரு வரியை மட்டும் மாற்று என்பேன். அதையே நானும் செய்தேன். ஒரு கொதிக்கு ஒரு மாற்றம். முதலில் தென்னை மட்டைச் சாம்பல் மட்டும் போட்டு நீர் வடித்தேன், காரம் போதவில்லை. அடுத்ததில் சுண்ணாம்பு சேர்த்தேன். அதற்கடுத்ததில் அந்தக் காரநீரில் கோழிமுட்டையைப் போட்டுப் பார்த்தேன். மிதந்தால் சரி, முழுகினால் இன்னும் வற்ற வேண்டும். இறக்கும் நேரத்தில் உப்புநீர் விட்டேன். கெட்டிப்பட்டது. செரை, அதுதான் எலுமிச்சம்புல், வேகவைத்த தண்ணீர் சிறிது ஊற்றுகிறேன், மணத்துக்கு. ஆறியதும் கத்தியால் வெட்டினால் நொறுங்கும். மெல்லிய கயிற்றை இரு கையாலும் இழுத்து அறுக்கிறேன்.

காப்பிக் கடைக்காரர் இப்போது தானே கேட்டு வாங்குகிறார். ஆனால் ஆட்கள் வந்து வேலியோரம் நின்று மூக்கை உறிஞ்சிவிட்டுப் போகிறார்கள். செய்முறை வெளியே போனால் என் கதை முடிந்தது. மாப்பிள்ளையிடம் சொல்லி வை, ஒருவரிடமும் வாய் திறக்க வேண்டாம்.

வீரம்மா அக்கா மூலையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறாள், ஒரு வேலையும் அவளைச் செய்ய விடுவதில்லை. அத்தான் போனபின் அவளை நான் போய் அழைத்து வந்தது எவ்வளவு நல்லதாயிற்று! தனியாக ஒரு பெண் இந்தக் காலத்தில் வீடு நடத்த முடியுமா?

அன்புள்ள,
தம்புசாமி


கிள்ளான்,
20 ஜூலை 1943

அண்ணன் அவர்களுக்கு வணக்கம்.

நலம். அங்கும் நலந்தானே. கடிதம் எழுதத் தாமதமானதற்கு மன்னிக்கவும். இந்த மாதம் வாரம் ஒரு டின்தான் முடியும். கொட்டகையில் வேலை அதிகம். அவர் நலம்.

பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி ஒரு சந்தேகம் கேட்டாள். சோப்பு கையை எரித்தால் என்ன செய்ய வேண்டும்? உங்களுக்குத் தெரிந்தால் எழுதவும்.

தனலெட்சுமி


பிரிக்பீல்ட்ஸ்,
8 ஆகஸ்டு 1943

தங்கை தனலெட்சுமிக்கு,

இங்கே எல்லோரும் இருக்கிறோம். உன் உடம்பு எப்படி? எழுத்து ஏன் இப்படிச் சாய்கிறது?

கேள்வி என்று ஒன்று வந்துவிட்டால் பதில் சொல்லாமல் இருக்க எனக்குத் தெரியாது. அது என் நோய். கை எரிந்தால் காரம் மிஞ்சிவிட்டது என்று பொருள். சோப்பைச் சீவி, மறுபடி தண்ணீரில் கரைத்து, எண்ணெய் கொஞ்சம் கூட்டிக் காய்ச்ச வேண்டும். போதுமா?

இப்போது என் சந்தேகம். உன் பக்கத்து வீட்டுக்காரிக்குச் சோப்பு காய்ச்சத் தெரிந்தது எப்படி? நான் மாப்பிள்ளைக்கு மட்டும் எழுதிய விஷயம் அது. இன்னொன்று. இந்த வாரம் வந்த டின் ஒரு சாண் குறைவாக இருந்தது. மெழுகும் பழைய மெழுகு இல்லை, வேறு நிறம். ஜெயராஜைக் கேட்டேன். "நான் குடிச்சிட்டேன்னு நினைக்கிறீங்களா வாத்தியாரே?" என்று கோபித்துக்கொண்டார். அவர் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. அப்படியென்றால் யார் மேல் என்று நானே என்னைக் கேட்டுக்கொள்ளாமல் இருக்கிறேன்.

காப்பிக் கடைக்காரருக்குப் பாதிதான் கொடுக்க முடிந்தது. இப்போதுதான் எழுந்து நிற்கும் வியாபாரம், தங்கச்சி. நடை பழகும் பிள்ளையின் கையைப் பாதியில் விட்டால் பிள்ளை என்ன ஆகும்?

மாப்பிள்ளைக்கு எழுத வராது, தெரியும். உன் அடுத்த கடிதத்தின் அடியில் ஒரு கைநாட்டு வைக்கட்டும். அது போதும்.

அண்ணன்


கிள்ளான்,
5 செப்டம்பர் 1943

அண்ணன் அவர்களுக்கு,

நலம், நலமறிய ஆவல். அண்ணி, அக்கா இருவரையும் கேட்டதாகச் சொல்லவும்.

அவர் தெலுக் பங்லிமா காராங்கில் தேங்காய் ஏற்றப் போயிருக்கிறார். வந்தால் களைத்துப்போய்த் தூங்கிவிடுகிறார். கைநாட்டு வாங்க முடியவில்லை.

டின் குறைந்தது என் தவறு. கொட்டிவிட்டேன்.

ஜெயராஜ் அண்ணன் டின் வாங்க வந்தால் வாசலில் நிற்கட்டும். சமையற்கட்டு வரை எட்டிப் பார்க்கிறார். யாரைத் தேடுகிறார்? இங்கே ஆளுக்கு ஆள் காட்டிக்கொடுக்கிற காலம். நீங்கள் அனுப்பிப் பார்க்கச் சொன்னீர்களா? சொல்லியிருந்தால் அதையும் எழுதிவிடுங்கள்.

உப்புநீர் எந்தப் பக்குவத்தில் விட வேண்டும் என்று அந்தப் பக்கத்து வீட்டுக்காரி கேட்கிறாள்.

தனலெட்சுமி


பிரிக்பீல்ட்ஸ்,
17 அக்டோபர் 1943

அன்புத் தங்கைக்கு,

தீபாவளி வாழ்த்துகள். நாங்கள் சுகம். அண்ணிக்கு இருமல் திரும்ப வந்திருக்கிறது.

போன கடிதத்துக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்தேன், கிழித்துப் போட்டேன். பண்டிகை நாளில் மனத்தாங்கல் வேண்டாம். இடுப்புக்குத் துணி கிடைக்காமல் சனங்கள் சாக்கு உடுத்தும் இந்தக் காலத்தில் மாப்பிள்ளைக்குத் தீபாவளி வேட்டி இல்லாமல் போகக் கூடாது. நான் ஓய்வு பெற்றபோது பள்ளியில் தந்த எட்டு முழ வேட்டி, பச்சைக் கரை போட்டது, மடிப்புக் கலையாமல் இருந்தது. ஜெயராஜிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். உன் அண்ணி, "நீங்க எதைக் கட்டுவீங்க?" என்றாள். தங்கச்சி வீட்டுக்காரருக்குச் சீர் செய்யாமல் நான் எதைக் கட்டி என்ன?

நான் ஜெயராஜை வேவு பார்க்க அனுப்பவில்லை. அவர் மாப்பிள்ளையைப் பார்த்து வணக்கம் சொல்ல நினைக்கிறார், அவ்வளவுதான். அவர் சொல்வதை அப்படியே எழுதுகிறேன்: "நான் எப்பப் போனாலும் உங்க மாப்பிள்ளை குளிக்கிறாரு லா. உங்க சோப்பெல்லாம் அதுலதான் கரையுதோ என்னமோ!" எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

உப்புநீர், நுரை அடங்கி மேற்பரப்பு தேன்போல் ஆனதும். அந்த அம்மாவிடம் சொல்.

அண்ணன்


பிரிக்பீல்ட்ஸ்,
14 நவம்பர் 1943

மாப்பிள்ளை நாகையாவுக்கு,

நலம் விசாரிக்கக் கை வரவில்லை. இதை என் தங்கை உமக்கு வாசித்துக் காட்டட்டும்.

கிள்ளான் பாசாரில் ஒரு சோப்பு விற்கிறதாம். மஞ்சள் நிறம். ஜெயராஜ் ஒரு கட்டி வாங்கி வந்து என் கையில் வைத்தார். முகர்ந்தேன்; செரை. ஓரத்தைப் பார்த்தேன், கயிற்றால் அறுத்தது. பள்ளிக்கூடத்தில் இரண்டு பையன்கள் சரியான விடை எழுதினால் இருவரையும் பாராட்டுவேன். இருவர் தாளிலும் ஒரே இடத்தில் ஒரே கோணல் இருந்தால்தான் கூப்பிட்டு விசாரிப்பேன்.

யார் விற்கிறார் என்று கேட்டேன். "உங்க மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்துலேருந்துதான் வருதுங்கிறாங்க" என்றார். அதோடு நிற்கவில்லை. சொல்லத் தயங்கினார், நான் விடவில்லை. "கோவிச்சுக்காதீங்க வாத்தியாரே. வேலி வழியா பாத்தேன், அவங்க கொல்லையில ஒரு பெரிய பானை. அது வாயில துணி கட்டிச் சாம்பத்தண்ணி வடியுது. துணியில பச்சைக் கரை."

தீபாவளிச் சீர், ஐயா அது. கட்ட விருப்பமில்லையென்றால் திருப்பி அனுப்பியிருக்கலாம். சாம்பல் வடிக்கவா கேட்டீர்?

எண்ணெயைக் குறைத்தது ஏன், செய்முறையைக் கேட்டது ஏன், கைநாட்டுக்கூட வைக்காதது ஏன், எல்லாம் விளங்கிவிட்டது. இனி உம்முடைய எண்ணெய் வேண்டாம். இப்படிப்பட்ட வீட்டில் என் தங்கை இருக்கவும் வேண்டாம். தை பிறந்ததும் நானே வந்து அவளை அழைத்துக்கொள்வேன். அவளுக்கும் இங்கே ஒரு பாய் விரிக்க இடமிருக்கிறது.

தம்புசாமி


கிள்ளான்,
24 நவம்பர் 1943

அண்ணே,

இது தபாலில் வரவில்லை. ஜெயராஜ் அண்ணன் முதலில் மாட்டேன் என்றார். விஷயத்தைச் சொன்னேன். வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். அவரைச் சந்தேகப்பட்டதற்கு அவரிடமே மன்னிப்புக் கேட்டுவிட்டேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

உங்கள் கடிதத்தை உங்கள் மாப்பிள்ளைக்கு வாசித்துக் காட்டச் சொன்னீர்கள். அவர் இங்கே இல்லை. ஜூன் மாதம் கொட்டகை வாசலில் ஜப்பான்காரர்களின் லோரி வந்து நின்றது. சயாமில் ரயில்பாதை வேலை, மூன்று மாதம், அரிசியும் துணியும் தருவோம் என்றார்கள். ஏறுகிறாயா என்று யாரையும் கேட்கவில்லை. நான் சோறு கொண்டு போனபோது லோரி திரும்பிக்கொண்டிருந்தது. தூக்குச்சட்டியைக் கண்டுவிட்டு அவர் கத்தியது இதுதான்: "நீ சாப்பிட்டுரு! மச்சானுக்கு டின்னு அனுப்பிரு!" மூன்று மாதம் முடிந்துவிட்டது. எங்கள் கம்பத்தில், இந்தக் குடியிருப்பில், இருந்து போனவர் ஒருவர்கூடத் திரும்பவில்லை.

நீங்கள் கேட்டதற்கெல்லாம் நான் பொய் எழுதினேன். தபாலைப் பிரித்துப் படிக்கிறவர்களுக்குப் பயந்தது பாதி. மீதி உங்களுக்குப் பயந்தது. தெரிந்தால் அன்றைக்கே வந்து கூட்டிப்போவீர்கள் என்று தெரியும். வீரம்மா அக்காவைக் கூட்டிப்போனது நல்லதுக்குத்தான். ஆனால் அதன்பின் அக்கா, தன் வீட்டில் சொன்னதுபோல், யாரிடமாவது ஒரு வேலை சொல்லியிருக்கிறாளா, அண்ணே? எனக்கு அந்தப் பாய் வேண்டாம். அவர் திரும்பி வந்து கதவைத் தட்டும்போது உள்ளே யாராவது இருக்க வேண்டும்.

எண்ணெய் நின்றுபோனால் நீங்கள் சந்தேகப்பட்டு வந்துவிடுவீர்கள். அதனால் அதை நிறுத்தவில்லை. கொட்டகையில் நான் தேங்காய் உடைக்கிறேன். எனக்குக் கிடைக்கும் எண்ணெயை உங்களுக்கு அனுப்பிவிட்டு, ஒரு சாண் எடுத்து வைத்துக்கொண்டு, தோட்டத்து லயத்தில் வாங்கிய செம்பனை எண்ணெயைக் கலந்து காய்ச்சினேன். அதனால்தான் மஞ்சள். பக்கத்து வீட்டுக்காரி நான்தான். முதல் கொதியில் உள்ளங்கை வெந்துபோனது. எழுத்துச் சாய்ந்தது அதனால். எத்தனை கொதி வீணாயிற்று என்று எண்ணவில்லை, எண்ணியிருந்தால் விட்டிருப்பேன். பாசாரில் முதல் கட்டியை நீட்டியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. வாங்கிய மலாய்க்கார அம்மா, காரம் கண்ணில் பட்டதா என்று கேட்டார்.

வேட்டி. அதை வெட்டும்போது நான் பட்டதை எழுத மாட்டேன். வடிகட்டச் சாக்குத் துணி போட்டால் சாம்பல் இறங்குகிறது, சோப்பில் கரகரக்கிறது. கிழித்துப் போட எனக்கு வேறு புடவை இல்லை. எட்டு முழத்தில் நாலு முழம்தான் பானைக்குக் கொடுத்தேன். மீதி நாலு முழம் பெட்டியில் மடித்திருக்கிறது. வந்தால் கட்டிக்கொள்ள அவருக்கு அது போதும்.

சீரை அவமதித்தாள் என்று நினைக்காதீர்கள். எண்ணெய் இந்த வாரத்திலிருந்து பழையபடி இரண்டு டின் அனுப்புகிறேன். தை மாதம் வர வேண்டாம் என்று உங்கள் காலைத் தொட்டுக் கேட்கிறேன்.

தங்கை,
தனலெட்சுமி


பிரிக்பீல்ட்ஸ்,
5 டிசம்பர் 1943

என் அன்புத் தனலெட்சுமிக்கு,

சுகமா என்று எத்தனை முறை உனக்கு எழுதியிருக்கிறேன்! இந்த முறைதான் பதிலுக்காகக் கேட்கிறேன். கை ஆறிவிட்டதா?

உன் கடிதத்தை உன் அண்ணிக்கும் அக்காவுக்கும் மெதுவாக வாசித்தேன். பிறகு அடுப்பில் போட்டேன். இதையும் ஜெயராஜிடமே கொடுக்கிறேன், நீயும் படித்துவிட்டு எரித்துவிடு. தங்கமணி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். எனக்கு மாப்பிள்ளைக்கு எழுதிய அந்தக் கடிதம்தான் கண்ணில் நின்றது. அவர் காதில் அது விழாமல் போனதற்கு நன்றி சொல்வதா, விழ அவர் அங்கே இல்லாததற்கு அழுவதா? அத்தனை தடயத்தையும் சரியாகச் சேர்த்து வைத்துக்கொண்டு தப்பான விடை போட்டேன். நீ என்னிடம் பயந்தது சரி. அப்படித்தான் வந்து நின்றிருப்பேன்.

நான் என்ன செய்வது என்று தெரியாமல், "அவளை எப்படித் தனியா விடுறது?" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். மூலையிலிருந்து வீரம்மா அக்காவின் குரல் வந்தது.

"எதுக்குடா அவளை இங்க இழுத்துட்டு வர்றே? எனக்கே இங்க காலை நீட்ட இடமில்ல."

"அதுக்கில்ல அக்கா. பொம்பளை ஒத்தையா..."

"ஒத்தையா ஏன் இருக்கணும்? நான் போறேன். எனக்குச் சாம்பல் சலிக்கத் தெரியும், அடுப்பு ஊதத் தெரியும். இங்க என்னை ஒரு சுள்ளி பொறுக்க விட்டியா நீ?"

"உன்னைக் கஷ்டப்படுத்த வேணாம்னுதானே அக்கா..."

"நல்லாத்தான் பாத்துக்கிட்டே, பொட்டியில பூட்டுன நகை மாதிரி. ரயிலுக்கு எப்படா போகணும், அதைச் சொல்லு."

இத்தனை பேச்சு அவள் பேசி நான் கேட்டு வருஷங்களாகிறது. சனிக்கிழமை வண்டியில் ஜெயராஜ் அவளைக் கொண்டுவந்து விடுவார். பாயை மட்டும் எடுத்துப் போக மாட்டாளாம்.

நான் தை மாதம் வரவில்லை. நீ கூப்பிடும்போது வருகிறேன். எண்ணெய் வாரம் ஒரு டின் போதும். மற்றது உன் பானைக்கு. நான் வெள்ளைச் சோப்புச் செய்கிறேன், நீ மஞ்சளை இங்கேயும் அனுப்பு. ரயில்வே குடியிருப்புப் பெண்கள் ஜெயராஜ் கொண்டுவந்த கட்டியை முகர்ந்துவிட்டு இதுவே வேண்டும் என்கிறார்கள். எனக்குச் சற்றுப் பொறாமைதான். வடக்கே போகும் வண்டிக்காரர்களிடம் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க ஜெயராஜ் ஏற்பாடு செய்திருக்கிறார். என்ன செய்தி வந்தாலும் ஒளிக்காமல் சொல்வேன். நீயும் அப்படியே இரு.

உன் அண்ணன்,
தம்புசாமி

பின்குறிப்பு: உன் கட்டியின் அடிப்பக்கம் பலகையில் ஒட்டிப் பிய்ந்திருக்கிறது. நல்ல சரக்கு, அடியில் வீணாகிறது. வாழையிலையை அனலில் வாட்டி, பளபளக்கும் பக்கம் மேலே இருக்கும்படி பலகையில் விரித்துவிட்டு, அதன்மேல் ஊற்றிப் பார்.